இன்னும் நூறு அடி

மல்லசமுத்திரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிய வருஷம், அப்பா தண்ணி பார்ப்பவரைக் கூட்டிவந்தார். உள்ளங்கையில் தேங்காய். வேப்பமரத்தடிக்கு வந்ததும் எழுந்து நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி 800 அடி இறங்கியது. வெறும் பாறைமாவுதான் வந்தது. "தண்ணி இருக்குதுங்க, இன்னும் நூறடி போட்டுப் பாருங்க" என்றார். போட்டோம். "ரிக் சாஞ்சு போயிருச்சுங்க" என்றார். கடன் மட்டும் சாயாமல் நின்றது.

ஆக்சியான் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேங்காய்தான் ஞாபகம் வருகிறது. 1977இல் பெச்சியும் குவினும் அணுக்கருவின் வலுவிசையில் இருந்த ஒரு புதிருக்கு விடை சொன்னார்கள். அந்த விடை ஒரு புதிய துகளைக் கோருகிறது என்று 1978இல் வெயின்பெர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். (வில்செக் அதற்கு வைத்தது ஒரு சலவைப் பொருளின் பெயர்!) முதலில் சொன்ன ஆக்சியான் சோதனைகளில் அடிபட்டது. இன்னும் லேசானது, இன்னும் பிடிபடாதது என்று அடுத்தது வந்தது. இதுவும் இன்னும் நூறடிதானே?

கரும்பொருள் ஆக்சியானாக இருந்தால், அது இந்த அறைக்குள்ளும் அலையாக அதிர்ந்துகொண்டிருக்கும். எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். அந்த அதிர்வில் அதற்கு ஊசலாடும் மின் இருமுனையும் வந்துவிடும் என்கிறது ஒரு கணக்கு. அந்தக் கணக்கே தப்பு என்பவர்களும் உண்டு. ஊசலாடாத, நிலையான இருமுனையைத் தேடுவது தனிக்கதை. 2023இல் கொலராடோவில் அளந்தார்கள்: அப்படி ஒன்று இருந்தாலும், எலக்ட்ரானின் மின்னூட்டம் நடுவிலிருந்து விலகும் தூரத்தைச் சென்டிமீட்டரில் எழுத, புள்ளிக்குப் பின் 29 சுழியம் போட வேண்டும்.

அப்படியென்றால் தேங்காய்க்காரரிடம் மட்டும் எனக்கு ஏன் கோபம்?

கோலார் தங்கவயலில், தமிழர்கள் தலைமுறைகளாக வெட்டிய சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். எண்பதுகளில் அங்கேயே புரோட்டான் சிதைவதைத் தேடி, சில தடயங்கள் கிடைத்ததாகவும் அறிவித்தார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய கருவிகள் வந்தன. உறுதிப்படவில்லை. எவ்வளவு காலம் பார்த்தும் காணோம் என்பது எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்து தோண்டுகிறவன் அதிலிருந்து தொடங்கலாம். தேங்காய்க்காரரிடம் பொய்த்த போர்களின் கணக்கு இல்லை. கேட்டேன், சிரித்தார்.

ஆனால் இதிலும் முழு நிம்மதி இல்லை. எண் மிஞ்சினால் கடன் அடைந்துவிடுமா?

மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதினேன்: வேப்பமரத்தடி, 900 அடி, தண்ணி இல்லை. அப்பா படித்துவிட்டு, "செவுத்தை ஏன்டா பாழாக்கற? போய்த் தேங்கா வாங்கிட்டு வா, அவரு கிழக்கால பாக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்றார்.