விழுமுன் தாங்கும் அறம்

வீடிழந்து வீதிக்கு வந்துவிட்ட குடும்பத்திற்கு மாரிக்காலத்தில் போர்வையும் உணவும் அளிப்பவர் ஒருவர். வாடகை நிலுவையால் வெளியேற்றப்பட இருக்கும் குடும்பத்திற்கு இரண்டு மாத வாடகையைக் கொடுத்து, அது வீதிக்கு வாராமலே காப்பவர் மற்றொருவர். இவ்விருவருள் முன்னவரை உலகம் புகழ்கிறது. பின்னவரை அறிவார் இலர். எவர் செய்த அறம் பெரிது என்று வினவினால் பலரும் முன்னவரையே சுட்டுவர். அது சரிதானா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

முன்னவரின் ஈகையை இகழ்வது நம் நோக்கமன்று. மழையில் நனைபவனுக்கு இன்றைய இரவே பெரிது. அவனை நிறுத்தி வைத்துக் காரணம் விசாரிப்பது கருணையாகாது. ஆயினும், ஒரு தரும ஸ்தாபனம் ஆண்டுதோறும் அதே தெருவில் மேன்மேலும் அதிகமான போர்வைகளை வழங்கி, அதனைத் தன் வளர்ச்சியென்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளுமாயின், அங்கே ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது. துன்பத்தைக் கண்டு இரங்குவதோடு நில்லாது, அதன் காரணத்தைத் தேடிச் செல்வதே அறிவுடைய கருணையாகும்.

வீடின்மை ஒரே நாளில் வருவதன்று. உழைப்பவர் நோயுறுகிறார், கூலி நிற்கிறது, வாடகை ஒரு மாதம் தவறுகிறது. நகை அடகுக்குப் போகிறது. கடன் வட்டியோடு வளர்கிறது. கொடுத்திருந்த முன்பணமும் நிலுவையில் கழிந்துபோகிறது. பிறகே கதவில் பூட்டு விழுகிறது. இப்படிகளுள் முதலிரண்டில் ஒரு சிறு தொகையோ, வீட்டுக்காரரோடு நயமாகப் பேசும் ஒரு நண்பரோ போதும். கடைசிப் படியைக் கடந்த பின்னரோ, போவது வீடு மட்டுமன்று. முகவரி போகிறது; பிள்ளையின் படிப்புத் தடைப்படுகிறது; தொழிற்கருவிகளை வைக்க இடமின்றித் தொழிலும் கெடுகிறது. இழந்த இத்தனையையும் மீட்டுக் கொடுக்க எந்தச் சங்கத்தின் நிதி போதும்?

விழுந்த பின் சட்டமும் முழுமையாகத் தாங்குவதில்லை. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறியது. அது பெருமைக்குரிய தீர்ப்பே. எனினும் அதே தீர்ப்பு, மழைக்காலம் கழியும்வரை அவகாசம் தந்து, அதன்பின் குடிசைகளை அகற்றவும் இடமளித்தது. 2011-ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கு, நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்றது. இவர்களுள் எத்தனை பேர் ஒரு காலத்தில் ஒரு மாத வாடகைக்காகப் பிறர் முகம் பார்த்து நின்றவர்களோ!

இங்கே ஒரு தடை எழும். “உதவி கேட்போர் அனைவரும் வீதிக்கு வந்துவிடுவரோ? பலர் எப்படியாவது சமாளித்துக்கொள்வர். அவர்களுக்குக் கொடுப்பது வீண் செலவன்றோ?” இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாடகைக்கு இடருற்றோர் தொலைபேசி வழியே உதவி கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே நிதி சில நாட்களில் இருக்கும்; சில நாட்களில் இராது. நிதி இருந்த நாளில் கேட்டவர்களையும், இல்லாத நாளில் கேட்டவர்களையும் ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முன்னவர்கள் ஆறு மாதத்திற்குள் வீடற்றோர் விடுதியை அடைவது 76 சதவிகிதம் குறைவாயிருந்தது. ஆனால் உதவி கிடைக்காதவர்களிலும் விடுதிக்கு வந்தவர் மிகச் சிலரே என்பதையும் அவ்வாய்வே காட்டியது.

ஆகவே தடை கூறுவோர் சொல்வதில் உண்மை உண்டு. நூறு பேருக்குக் கொடுத்தால் அவர்களுள் வீதிக்கு வந்திருக்கக் கூடியவர் சிலரே. அச்சிலர் எவர் என்பதை நாம் ஒருநாளும் அறியோம். வருமுன் காக்கும் ஈகையின் கடினம் இதுவே. “இவரை நான் காத்தேன்” என்று விரல்நீட்டிச் சொல்ல ஈவோனுக்கு ஒருவரும் இரார். நிழற்படம் எடுக்க ஒரு காட்சியும் இராது. இதனாலன்றோ இவ்வறம் கேட்பாரற்றுக் கிடக்கிறது! எனினும் மற்றவர்களுக்குக் கொடுத்தது வீணாயிற்று என்று கொள்ளற்க. தையல் இயந்திரத்தை விற்றும், உறவினரின் ஒற்றை அறையில் நெருங்கியும் சமாளிப்பது நலமான வாழ்வன்று. அந்நிலை அவர்க்கு நேராது தடுத்ததும் பயனே.

பணமொன்றே உதவியன்று, காலமும் அறிவுரையும் உதவியே. இங்கிலாந்தில் 1966-இல் தொடங்கிய ‘ஷெல்டர்’ என்னும் அறநிலையம், 1969-இல் இலண்டனில் வீட்டுவசதி ஆலோசனை நிலையம் ஒன்றை நிறுவியது. அந்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வீடிழக்கும் அபாயத்தை 28 நாட்களுக்கு மாறாக 56 நாட்களுக்கு முன்பே கருத்திற்கொண்டு உதவ முயலும் கடமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு விதித்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த நான்கு வாரங்களில் எத்தனையோ சமரசங்கள் கூடும். நம் பம்பாயிலேயே பைக்கலா நடைபாதைப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்னும் கூட்டமைப்பாய் 1986-இல் ஒன்றுகூடினர். சிறு காசுகளைச் சேமித்து, இடருற்ற காலத்தில் தம்முள் ஒருவர்க்கொருவர் கடனாக உதவும் முறையை வளர்த்தனர். அங்கே கேட்பவளும் கொடுப்பவளே. ஆதலின் கேட்பதில் நாணம் இல்லை.

நாம் கருத வேண்டிய தருமத்தின் நுட்பம் இங்கேதான் உள்ளது. விழுந்தவன் தன் துயரத்தை ஊரறியக் காட்டித்தான் உதவி பெறுகிறான். விழுமுன் தாங்கப்பட்டவனோ தன் வாயிலில் நிமிர்ந்து நிற்கிறான். நம் ஈகை அவனுடைய மானத்தையும் சேர்த்துக் காக்கிறது.

ஆதலின் நம் சங்கங்கள் தம் நிதியில் ஒரு பங்கை இடர்க்கால வாடகைக்கென ஒதுக்கலாம். வெளியேற்ற அறிவிப்பைப் படித்துப் பொருள் சொல்லவும், வீட்டுக்காரரிடம் தவணை பேசவும் ஒருவரை அமர்த்தலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி பெண்களும் பட்டியல் சாதியினரும் இலவச சட்ட உதவி பெறத் தக்கவர் என்பதை வீடுதோறும் அறிவிக்கலாம். சில வீடின்மைகள் நாள் குறித்தே வருகின்றன: சிறுவர் இல்லத்தை விட்டுப் பதினெட்டு வயதில் வெளிவரும் பிள்ளை, சிறை மீளும் மனிதர், மருத்துவமனையினின்று திரும்பும் ஆதரவற்றோர். அந்நாள் வருமுன் அவர்க்கோர் அறையைத் தேடி வைப்பது நம்மால் இயலாததன்று.

குறைந்த கூலியையும் வீட்டுப் பஞ்சத்தையும் சங்கங்கள் மட்டும் ஒழித்துவிட இயலாது; அது அரசின் கடன். அக்கடனை அரசுக்கு இடைவிடாது நினைவூட்டுவது நம் கடன். அதுவரை போர்வை கொடுக்கும் கை ஓயவேண்டாம். ஆனால் மற்றொரு கை, இன்னும் பூட்டு விழாத கதவை நோக்கி நீளட்டும். அங்கே நமக்கு நன்றி சொல்வார் இல்லாதிருக்கலாம். அந்த வீட்டில் இன்றிரவும் விளக்கு எரியும்.