இடம் பெயர்ந்த தலம்

ஓர் ஊரின் புனிதத்தை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றால், அதாவது எழுந்தருளிய இறைவன், அவன் கோயில் கொண்ட மண், அடியார் நீராடும் நீர்நிலை ஆகியவற்றால் அளப்பது சைவ மரபு. இவற்றுள் மண்ணே மாறினாலும் தலம் அதுவாகவே நிலைக்குமா என்னும் கேள்வியை மயிலாப்பூர் எழுப்புகிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடற்கரையை ஒட்டி இருந்ததென்றும், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் நிலைகொண்ட பின் அது அழிந்து, இன்றைய கோயில் சற்று உள்ளே தள்ளி எழுப்பப்பட்டதென்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஆயினும் பாடல் பெற்ற தலம் என்னும் பெருமையைப் புதிய கோயிலுக்கு உரியதாக்க அடியார்கள் தயங்கவில்லை.

அவர்கள் தயங்காததற்கான நியாயம் சம்பந்தரின் பதிகத்திலேயே இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்து, குடத்தில் சாம்பலாய் எஞ்சிய பூம்பாவையை எழுப்ப அவர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் அப்பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்களை அடுக்கி, இவற்றைக் காணாமலா போகிறாய் என்றே அவளைக் கேட்கிறது. உயிர் திரும்பி வருவதற்கு ஊரார் கூடிச் செய்யும் விழாவே போதிய காரணமாகிறது என்றால், தலத்தின் உயிர் கல்லைவிட அந்தக் கூடுதலில்தான் தங்கியிருக்கிறது எனலாம்.

இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்துச் சுடரும் அன்று, வேறும் அன்று என்று பௌத்தர் கூறும் சந்தானம், அதாவது இடையறாத தொடர்ச்சி, இதற்குப் பொருந்தும் விளக்கமே. எனினும் சுடருக்கு எண்ணெய் வேண்டும். மாட வீதிகளின் பழைய வீடுகள் பல கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாற, அங்கு வாழ்ந்த குடும்பங்களில் பல புறநகருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட்டன. விழாவன்று மட்டும் வந்து காண்பதும், ஆண்டு முழுதும் கோயிலின் நிழலில் வாழ்வதும் ஒன்றாகா. இந்த இழப்பைத் தத்துவம் பேசி மறைப்பது நேர்மையன்று. ஆனால் வந்து குடியேறியவரின் பிள்ளைகளுக்கும் அவ்விழாவே ஊராகிவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், கடற்கரையில் அன்றி இன்றைய கோயிலின் குளக்கரையில், பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. பதிகத்தின் கேள்வி, மீண்டு வந்தவரும் புதிதாய் வந்தவருமாய்க் கலந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே மறுபடியும் பாடப்படுகிறது.