துயரக் காலத்தில் வேதம் ஓதியவர்

யூதர்கள் தங்கள் மறைநூலை ஓதும் முறை தனிச்சிறப்பு வாய்ந்தது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா 54 பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் 'பராஷா' என்று பெயர். வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் இரண்டு என்ற கணக்கில், ஓய்வுநாளாகிய சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் அது உரக்க ஓதப்படுகிறது. தோலில் கையால் எழுதிய சுருளே இதற்குப் பயன்படும். அதில் உயிரொலிக் குறிகள் கிடையா. ஓதுபவர் முன்னதாகவே பயின்று வந்திருக்க வேண்டும். சபையிலிருந்து எழுவர் ஒருவர்பின் ஒருவராகச் சுருளின் அருகே அழைக்கப்படுகின்றனர். இலையுதிர்காலத் திருநாள் ஒன்றில் உபாகமத்தின் கடைசி வரி முடிந்ததும் அதே அமர்வில் ஆதியாகமத்தின் முதல் வரி தொடங்கிவிடும். ஓதுதலுக்கு முடிவு என்று ஒன்று இல்லை.

வார்சாவில் ஒரு வாரம் எது ஓதப்பட்டதோ, அதுவே அந்த வாரம் பாக்தாத்திலும் ஓதப்பட்டது. 1568-ல் எழுப்பப்பட்ட கொச்சி மட்டாஞ்சேரி ஆலயத்திலும் அதுவே ஓதப்பட்டது. நாள்காட்டி விதித்த பகுதியை மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. துன்பம் நேரும்போது மனம் தனக்கு ஆறுதல் தரும் பகுதியைத் தேடிச் செல்லும். அத்தகைய வேளையில் சுந்தர காண்டத்தைக் கையில் எடுக்கும் இல்லங்கள் தமிழகத்தில் பல. வாரப் பகுதியில் அத்தகைய தெரிவுக்கு இடமில்லை. இழவு விழுந்த வீட்டுக்குத் திருமணக் கதை வந்து சேரலாம்; மணமகன் அழைக்கப்படும் வாரத்தில் தோல்நோய் பற்றிய விதிகள் வரலாம். வந்த பகுதியின் முன் வந்த நிலையிலேயே நிற்க வேண்டும். ஹஸிதிய குருமார்களுள் ஒருவரான ஷ்நேயர் சல்மான், காலத்தோடு இணைந்து வாழுமாறு சீடர்களுக்குச் சொன்னதாக மரபு கூறும். அவ்வாரத்துத் தோராப் பகுதியைப் படிப்பதோடு நில்லாமல், அதனோடு கூடவே வாழ்வது என்று அதற்குப் பொருள் கொண்டனர்.

வாழ்வு அமைதியாகச் செல்லும்போது இது இனிய பயிற்சி. அமைதி அடியோடு அழிந்த ஓர் ஊரில், ஏறத்தாழ மூன்று ஆண்டுக்காலம் இதனை விடாது செய்த ஒருவர் உண்டு.

அவர் பெயர் காலோனிமஸ் கால்மன் ஷாபிரா. 1889-ல் போலந்தில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஹஸிதியம் என்னும் பக்தி இயக்கத்தின் குருபரம்பரையில் வந்தவர். மூன்று வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். இளமையிலேயே குருவாகி, வார்சாவை அடுத்த பியாசெச்னோ என்னும் சிற்றூரின் ரபியாகவும் பொறுப்பேற்றார். 1923-ல் வார்சாவில் ஒரு வேத பாடசாலையை நிறுவினார். பிள்ளைகளை அச்சுறுத்திக் கற்பிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சிறுவனுக்குள் உறங்கும் ஆன்மாவை எழுப்புவதே ஆசிரியரின் பணி என்று கருதினார்; 1932-ல் அவர் வெளியிட்ட மாணவர் கடமை பற்றிய நூல் இன்றும் யூதக் கல்விக்கூடங்களில் பயிலப்படுகிறது. அவர் புகழ் அந்த நூலோடு நின்றிருக்கலாம். காலம் அவ்வாறு விடவில்லை.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. அம்மாத இறுதியில் வார்சா மீது நடந்த கடும் குண்டுவீச்சில் அவருடைய ஒரே மகன் படுகாயமுற்றார். மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்த மருமகளும் உறவுப்பெண் ஒருவரும் மறுநாள் குண்டுக்கு இரையாயினர். மூன்று நாள்களில் மகனும் மறைந்தார். சில வாரங்களில் தாயும் காலமானார். மனைவியோ 1937-லேயே மறைந்துவிட்டார்.

இதன்பின் அவர் எழுதிவைத்த முதல் உரை 1939 நவம்பர் 4-ஆம் நாளுக்குரியது. அந்த வாரத்துப் பகுதியின் பெயர் 'சாராளின் வாழ்நாள்'. பெயர் வாழ்நாள் என்றாலும் பகுதி தொடங்குவது ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணத்தோடு. அதற்கு முந்தைய வாரம் ஓதப்படுவது, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கட்டிவைத்த வரலாறு. மகன் உயிர் தப்பினான். ஆனால், அச்செய்தி காதில் விழுந்த அதிர்ச்சியில் தாயின் உயிர் பிரிந்துவிட்டது என்பது பழைய உரையாசிரியர்கள் கூறும் விளக்கம். மகனை இழந்த ஒரு தந்தையின் முன், அவர் தேடாமலே, இந்தப் பகுதி வந்து நின்றது.

அவர் தமக்கு முன்னிருந்த ரிமானோவ் ஊர்க் குருவின் கருத்து ஒன்றிலிருந்து தொடங்கினார். துன்பத்தைத் தல்மூத் நூல் உப்புக்கு ஒப்பிடுகிறது: உப்பு இறைச்சியைப் பக்குவப்படுத்துவதுபோல் துன்பம் மனிதனைத் தூய்மைப்படுத்தும். அளவு மிஞ்சிய உப்போ இறைச்சியை உண்ண முடியாததாக்கிவிடும். துன்பமும் அப்படியே, தாங்கும் அளவோடு இருக்க வேண்டும். ஈசாக்கின் வரலாற்றை அடுத்துச் சாராளின் மரணத்தை மோசே வைத்தது ஏன்? இறைவனிடம் வழக்குரைப்பதற்காகவே என்றார் ஷாபிரா. சாராளைப் போன்ற பெருமாட்டியாலேயே அந்த வேதனையைத் தாங்க இயலவில்லையே, மற்றவர் எம்மாத்திரம் என்று அந்த வரிசைமுறையே இறைவனைக் கேட்கிறதாம்.

அவர் அதோடு நிற்கவில்லை. அந்த வசனத்தில் 'சாராளின் வாழ்நாள்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. துயரம் அவளைக் கொல்லாதிருந்தால் அவள் வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளையும் அந்த இரண்டாவது சொல் குறிக்கிறது என்று விளக்கினார். தாங்க முடியாமல் மடிந்தது அவளுடைய குறையன்று. எஞ்சிய ஆண்டுகளை அவள் தன் மக்களுக்காக விட்டுக்கொடுத்தாள். மிகுந்த துன்பத்தை மனிதர் தாங்கமாட்டார் என்பதைத் தன் உயிரைக் கொடுத்தே இறைவனுக்குக் காட்டினாள்.

இறைவனோடு வாதாடுவது பக்திக்குப் பொருந்துமா என்று சிலருக்குத் தோன்றலாம். அழியவிருந்த ஊருக்காக ஆபிரகாம் வாதாடினார். பொற்கன்று வார்த்து வணங்கிய மக்களுக்காக மோசே வாதாடினார். அந்த மரபில் நின்றே ஷாபிரா பேசினார். மகனின் பெயரை அந்த உரையில் அவர் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இருந்திராது. பின்வந்த உரைகளிலும் ஜெர்மானியர் என்றோ நாஜிகள் என்றோ ஒரு சொல் கிடையாது. பார்வோனும் அமலேக்கும் உண்டு. பேச வேண்டியவை அனைத்தையும் வாரப் பகுதியின் சொற்களாலேயே பேசினார்.

ஓய்வுநாளில் எழுதுவது யூத நெறிக்கு விலக்கு. ஆகவே சனிக்கிழமை பேசியதை, அந்நாள் கழிந்தபின் நினைவிலிருந்து ஹீப்ரு மொழியில் எழுதிவைப்பார். 1940 நவம்பர் 16-ல் வார்சாவின் யூதக் குடியிருப்பு மதில்களால் அடைக்கப்பட்டது. ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கி வைக்கப்பட்டனர். 1942-ன் நடுப்பகுதிக்குள் பசியாலும் நோயாலும் மட்டும் சுமார் 83,000 பேர் மாண்டனர். ஒரு வாரம் உரை கேட்ட முகம் அடுத்த வாரம் இல்லாதிருப்பது அங்கே புதுமையன்று. வாரப் பகுதி மட்டும் முறை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

1942 பிப்ரவரி 14 அன்று வந்தது யாத்திராகமத்தின் சட்டப்பகுதி. அடிமையை நடத்தும் முறை, முட்டும் மாட்டுக்கு உடையவன் தரவேண்டிய ஈடு, ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டளை என அமைந்த பகுதி அது. நீதி என்ற சொல்லே பொருளற்றுப்போன இடத்தில் நீதிச் சட்டங்களைப் படிப்பது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும்! அந்த வாரத்தில்தான் அவருடைய உரைகளுள் மிக ஆழமான ஒன்று பிறந்தது.

இறைவனுக்கு ஓர் உள்ளறை உண்டு என்றும், அங்கே அவர் மறைவாக அழுகிறார் என்றும் தல்மூத் கூறுகிறது. ஏன் மறைவாக? இறைவனின் துயரம் எல்லையற்றது. அதில் ஒரு துளி உலகைத் தொட்டாலும் உலகம் தாங்காது அழிந்துவிடும். எனவேதான் அது உள்ளே அடக்கப்பட்டிருக்கிறது என்று ஷாபிரா விளக்கினார். தன் துன்பத்தைத் தனியே அழுது தீர்ப்பவன் நொறுங்கி விழுகிறான். அவனால் எழுந்து ஒரு பக்கம் படிக்கவும் இயலாது. இறைவனோடு சேர்ந்து அழுபவனுக்கோ அந்த அழுகையே வலிமை தருகிறது. அந்த உள்ளறைக்குள் புகும் வழி என்ன? தோராவைப் படிப்பதுதான் வழி.

'ஏன் இவ்வாறு நேர்ந்தது?' என்ற வினாவுக்கு இது விடையன்று. விடை கிடைத்துவிட்டதாக அவர் பாசாங்கு செய்யவுமில்லை. துயரத்தில் மனிதன் தனியன் அல்லன் என்ற அளவிலேயே நின்றார். பசியால் தலை சுற்றும் ஒருவர் மாடு முட்டிய வழக்கைப் பற்றிய வரிகளைக் கையில் எடுப்பதற்கு அந்த அளவே போதுமானதாயிருந்தது.

அவருடைய நேர்மைக்குச் சான்றாக ஒரு குறிப்பு எஞ்சியிருக்கிறது. 1941 டிசம்பரில் ஹனுக்கா எனும் விளக்குத் திருநாளில், இத்தகைய துன்பம் முன்பு நேர்ந்ததே இல்லை என்று சொல்லி நம்பிக்கை தளர்வோருக்கு அவர் மறுமொழி கூறினார். ஜெருசலேம் ஆலயம் இடிந்த நாளிலும் இதுபோன்ற கொடுமைகளை முன்னோர் கண்டதுண்டு; அன்று குலையாத நம்பிக்கை இன்று ஏன் குலைய வேண்டும் என்பது அவர் வாதம். ஓராண்டு கழிந்தது. 1942 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்கவிருந்த வேளையில், அந்தப் பழைய உரையை எடுத்து அதன் அருகே ஒரு திருத்தம் எழுதினார். தாம் கூறியது 1942 இலையுதிர்காலத்தில் நிறைவுற்ற யூத ஆண்டின் இறுதி வரையிலான துன்பங்களுக்கே பொருந்தும். அந்த ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த கொடூரங்களுக்கு வரலாற்றில் ஒப்புமையே இல்லை என்பது அதன் சாரம். முன்பு சொன்னதை அவர் அடித்து அழிக்கவில்லை. தாம் கண்டதை மறைக்கவுமில்லை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

அந்த ஓராண்டுக்குள் நிகழ்ந்தது இது. 1942 ஜூலை 22-ல் தொடங்கி செப்டம்பர் 21-க்குள் சுமார் 2,65,000 பேர் வார்சாவிலிருந்து திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். அவருடைய மகளும் அவர்களுள் ஒருவர்.

நகரின் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளும், 'ஓய்வுநாள் இன்பம்' என்ற மறைபெயரில் ஓர் இரகசிய ஆவணக் காப்பகத்தை நடத்திவந்தார். தம் எழுத்துகளை ஷாபிரா அதில் சேர்ப்பித்தார். 1943 ஜனவரி 3 என்று நாளிட்ட கடிதம் ஒன்றையும் உடன் வைத்தார்; இவற்றைக் கண்டெடுப்பவர் பாலஸ்தீனத்திலுள்ள தம் சகோதரரிடம் சேர்க்க வேண்டும் என்பது அதில் அவர் விடுத்த வேண்டுகோள். தாள்கள் பால்கேனில் அடைக்கப்பட்டு, நோவோலிப்கி தெருக் கட்டடம் ஒன்றின் அடியில் புதைக்கப்பட்டன. 1943 ஏப்ரல் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது அவர் திராவ்னிக்கி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்த யூதர்கள் நவம்பர் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1950 டிசம்பரில், இடிபாடுகளைத் தோண்டிய கட்டடத் தொழிலாளரின் கையில் அந்தப் பால்கேன்கள் அகப்பட்டன. 1960-ல் இஸ்ரேலில் உரைகள் அச்சேறின. பதிப்பித்தவர்கள் சூட்டிய 'புனிதத் தீ' என்ற பெயரே உலகுக்குத் தெரிந்தது. அவர் தாமே இட்ட தலைப்பு எளியது: சினத்தின் ஆண்டுகளில் தோன்றிய தோரா விளக்கங்கள். மூலத்தாள்கள் வார்சாவிலுள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. 2017-ல் வெளிவந்த ஆய்வுப் பதிப்பு, அவர் தம் உரைகளைத் திரும்பத் திரும்பப் படித்து ஓரங்களில் திருத்தியும் சேர்த்தும் வந்ததை வரிவரியாகக் காட்டுகிறது.

வார உரைகளில் கடைசியானது 1942 ஜூலை 18-ஆம் நாளுக்குரியது. ஏசாயா தீர்க்கதரிசியின் தரிசனம் ஓதப்படுவதால் அந்த ஓய்வுநாளுக்கே 'தரிசனம்' என்று பெயர். முற்காலத்து அழிவைப் பற்றிப் படித்து அழுத ஆண்டுகளில் அத்துயரைத் தாம் உணர்ந்துவிட்டதாக எண்ணியிருந்ததையும், கேட்டறிவதற்கும் கண்ணால் காண்பதற்கும் உள்ள தொலைவு இப்போதுதான் விளங்குவதையும் அவர் அன்று பேசினார். நான்கு நாள் கழித்து ரயில்கள் புறப்படத் தொடங்கின.

அடுத்த ஓய்வுநாள் ஜூலை 25. அதற்கு 'ஆறுதல்' என்று பெயர். தேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் ஏசாயாவின் அதிகாரம் அன்று ஓதப்படும். அந்த வாரத்துக்குரிய உரை கையெழுத்துப் படியில் இல்லை.