முதல் ஆள் நீங்கள்தான், பயின்று நில்லுங்கள்!

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ "ஐயோ, காப்பாத்துங்க!" என்று ஒரு குரல் எழுந்தால் முதலில் ஓடுகிறவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர். டீக்கடையில் நின்றவர். ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி வாசலில் பஸ்சுக்காகக் காத்திருந்தவர். தீயணைப்பு வண்டி அதன்பிறகுதான் வரும். தேசியப் பேரிடர் மீட்புப் படை அதற்கும் பிறகுதான் வரும். தம்பிகளே, தங்கைகளே, முதல் ஆள் எப்போதும் நீங்கள்தான்!

மூச்சு நின்றவரின் மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்கிவிடும். அந்த நிமிடங்களில் அவர் அருகில் இருக்கப்போவது உங்கள் இரண்டு கைகள் மட்டுமே. அந்தக் கைகளுக்கு என்ன தெரியும்? ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

நம் மண் கண்ட பாடங்கள்

1903 நவம்பரில், மேலே மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து, பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. சுமார் 200 உயிர்கள் போயின. பிறகு காலம் மாறியது. ஆறு வறண்டது, மணல் போனது, பள்ளங்கள் மிஞ்சின. "நம்ம ஆத்துல எங்க தண்ணி வரப்போவுது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

2021 நவம்பரில் ஆறு பதில் சொன்னது. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் வெள்ளம் பாய்ந்தது. குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யா ஆறு கரையைத் தாண்டியது. நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில், தொடர்மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள்.

ஆபத்து வர மழையும் வேண்டாம், ஆறும் வேண்டாம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைச் சேறு மூடிவிட்டது. நம் பகுதியில் ஆற்றில் ஆபத்து உண்டு, சுவரில் உண்டு, தொட்டியில் உண்டு. அப்படியிருக்க, "நமக்கெதற்கு மீட்புப் பயிற்சி?" என்று கேட்க நம்மில் யாருக்கும் உரிமையில்லை.

தைரியம் மட்டும் போதாது

நம் பிள்ளைகளிடம் தைரியத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவன் விழுந்தால் உடனே குதிக்க நால்வர் இருக்கிறார்கள். அந்த நால்வரும் உயிரோடு கரையேற வேண்டும் என்பதுதான் என் கவலை.

தோல் ஷாப்புக் கழிவுத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் அதை உணரும் திறனையே மூக்கு இழந்துவிடும். "நாத்தம் இல்ல, எறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் சாவு காத்திருக்கும் நொடி. சில மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் விழுவான். அண்ணனைத் தேடி இறங்குகிற நண்பனும் விழுவான்.

இது நம் ஊருக்கு மட்டுமான சோகமல்ல. மூடிய தொட்டி, கிணறு போன்ற இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986லேயே எச்சரித்தது. பாசம் இருந்தது, துணிச்சல் இருந்தது, பயிற்சி இல்லை. அதனால் ஒரு சாவு மூன்று சாவானது.

ஆகவே முதல் பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். காற்றுச் சோதனையும், மூச்சுக் கருவியும், இடுப்பில் கயிறும், மேலே பிடித்து நிற்க ஆட்களும் இல்லாமல் தொட்டிக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. இறங்கத் துடிப்பவனைத் தடுத்துப் பிடிப்பதும் மீட்புதான். அந்த இடத்தில் "நில்லு!" என்று உரக்கச் சொல்லும் துணிச்சல், குதிப்பதைவிடப் பெரிய துணிச்சல்.

கைக்குப் பழக்குங்கள்

பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்? ஆற்றில் ஒருவர் தத்தளித்தால் ஒரு வரிசை உண்டு. கம்போ துண்டோ நீட்டு. எட்டவில்லையா, கயிறு கட்டிய மிதவையை எறி. அதுவும் எட்டவில்லையா, படகோ டியூபோ கொண்டு போ. நீந்திப் போவது கடைசி வழி, அதுவும் பயின்றவருக்கு மட்டும். மூடி இறுகிய காலித் தண்ணீர் கேன்களைச் சேர்த்துக் கட்டினால் மிதவை. வாழைத்தண்டுகளைக் கோத்தால் தெப்பம். எல்லாம் நம் தெருவிலேயே கிடைப்பவைதான். கட்டத் தெரிந்த கைதான் வேண்டும்.

இடிந்த வீட்டில் செய்வது வேறு. ஜேசிபியை உடனே உள்ளே விட்டால் உயிரோடு இருப்பவர் மேலேயே மண் சரியும். முதலில் இடிபாட்டைச் சுற்றி ஆட்கள் நிற்க வேண்டும். வண்டிகளின் இன்ஜின் எல்லாம் அணைய வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுப்பார்: "உள்ள யாராச்சும் இருக்கீங்களா? கேட்டா கல்லால தட்டுங்க!" மற்றவர்கள் மூச்சையடக்கிக் காது கொடுப்பார்கள். சத்தம் கேட்டவர் பேச மாட்டார், திசையை நோக்கிக் கை நீட்டுவார். இரண்டு மூன்று பேரின் கைகள் சந்திக்கிற இடத்தில்தான் கையால் கல்லை அகற்றத் தொடங்குவார்கள். கூட்டம் கத்தி அழுகிற இடத்தில் அந்த அமைதியை உண்டாக்க ஒரு பயின்ற ஆள் போதும்.

மார்பை அழுத்தும் முதலுதவியும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது அழுத்த வேண்டும். மூச்சு கொடுக்கப் பயின்றவர் என்றால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. படித்தால் வராது. பொம்மையின் மேல் வியர்க்க வியர்க்க அழுத்திப் பழகினால்தான் வரும்.

தேடத் தெரிந்த கண்கள்

மீட்பு என்றால் வெள்ளமும் இடிபாடும் மட்டுமல்ல. மறதி நோய் கண்ட தாத்தா வீட்டைவிட்டுப் போய்விட்டார், அம்மா திட்டியதில் ஒரு குழந்தை காணாமல் போய்விட்டது என்ற செய்திகள் எந்த ஊரில் இல்லை? பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களைச் சமவெளியில், வயலில், ஆற்றங்கரையில் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்காத தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன. காவல்துறை அழைத்தால் நள்ளிரவிலும் புறப்படுகிறார்கள்.

தேடலுக்கும் முறை உண்டு. மறதி நோய் உள்ளவர் பல நேரம் போன போக்கில் நடந்து, வேலியிலோ புதரிலோ சிக்கி நின்றுவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராமல் போகலாம். பயந்த குழந்தை குரல் கேட்டு இன்னும் ஒளிந்துகொள்ளலாம். அதனால் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வரிசையாக, ஒரே வேகத்தில், சீமைக்கருவேலம் புதரின் அடிவரை பார்த்துப் போக வேண்டும். நடந்த வழியைத் திரும்பியும் பார்க்க வேண்டும். முன்னால் மறைந்தது பின்னால் தெரியும்.

இந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது! தோலைத் தரம் பிரிக்கிறவர் உண்ணி கடித்த தழும்பை ஒரு பார்வையில் பிடிப்பதுபோல, பயின்ற தன்னார்வலர் சேற்றில் புதைந்த ஒற்றைச் செருப்பைப் பிடிப்பார். ஷூ கம்பெனியில் நாள் முழுதும் தையல் பிசகாமல் தைக்கிற தங்கையின் விரலுக்கு ஒரு மீட்பு முடிச்சு எம்மாத்திரம்? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்கிறவரைப் பொருட்படுத்தாதீர்கள். நம் ஷூ கம்பெனிகளைத் தாங்கி நிற்பது பெண்களின் உழைப்பு. அங்கே ஆபத்து நேர்ந்தால் அருகில் நிற்கப்போவதும் பெண்தான்.

வாசல் திறந்திருக்கிறது

வசதி இல்லை என்று சொல்லாதீர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. 2024ல் வயநாட்டு நிலச்சரிவுக்கும் திருவண்ணாமலை மண்சரிவுக்கும் வீரர்கள் அங்கிருந்து விரைந்தார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ல் ஆப்த மித்ரா திட்டத்தை, வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்களோடு தொடங்கியது. 2021ல் அதை 350 மாவட்டங்களுக்கும் ஒரு லட்சம் பேருக்கும் விரித்தது. 18 முதல் 40 வயது, 12 நாள் பயிற்சி என்று வகுத்தது. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் இளைஞர்களுக்கு யுவ ஆப்த மித்ரா வந்திருக்கிறது.

ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவைக் கேளுங்கள்: "அடுத்த பயிற்சி எப்போது?" அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்: "எங்கள் தெருவுக்கு வந்து செய்து காட்டுவீர்களா?" தோல் ஷாப்பு முதலாளிகளே, ஷூ கம்பெனி நிர்வாகிகளே, உங்கள் ஆட்களை அனுப்புங்கள், அந்த நாட்களுக்குக் கூலி பிடிக்காதீர்கள்! ஜமாத்தும் கோயில் கமிட்டியும் சர்ச் இளைஞர் குழுவும் ஒரே மைதானத்தில் ஒரே கயிற்றைப் பிடிக்கட்டும். வெள்ளம் யார் தெரு என்று பார்த்து வருவதில்லை.

தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்வது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்த்தால் முடியாது, செய்து பார்த்தால்தான் முடியும். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு இருட்டில் கை நடுங்காது. நூறு முறை பொம்மையை அழுத்தியவளுக்குக் கூட்டத்தின் கூச்சல் காதில் விழாது. கற்றது கைவசம் இருந்தால் பயம் தானே விலகி நிற்கும். அந்த நம்பிக்கையை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

அடுத்த மழைக்காலம் உங்கள் வசதியைக் கேட்டு வராது. ஆம்பூரில் பத்துப் பேர், பேரணாம்பட்டில் பத்துப் பேர், வாணியம்பாடியில் பத்துப் பேர் என்று இந்த வாரமே பெயர் கொடுங்கள். கூட வர ஒரு நண்பனை, ஒரு தோழியை அழைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வாருங்கள், கயிற்றைக் கையில் எடுங்கள், பயிலுங்கள்!