தலைமறைவுப் பாடகர்கள்

திரைப்படக் கொட்டகை நம் மனச்சான்றுக்கு ஒரு விந்தையான பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறது. காவலரிடமிருந்து தப்பியோடும் ஒருவன் திரையில் தோன்றிவிட்டால், வாழ்நாளில் பிறர் தோட்டத்து முருங்கைக்காயைக்கூடத் தொட்டறியாத நாம், அவன் பிடிபடக் கூடாதே என்று தவிக்கிறோம். அவன் பாடவும் வல்லவன் என்றால் கேட்கவே வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் காரில் அமர்ந்தபடியே படம் பார்த்த திறந்தவெளி அரங்குகளிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களின் டூரிங் கொட்டகைகளிலும் கூடியிருந்தோரின் தவிப்பு ஒன்றுதான். மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்தவர்கள் நம்மவர்கள் என்பதே வேறுபாடு. இந்தப் பரிவு நேரியதா என்பதே என் கேள்வி.

1972-இல் ஜமைக்காவில் பெரி ஹென்ஸல் இயக்கிய 'தி ஹார்டர் தே கம்' என்னும் படத்தில் ஜிம்மி கிளிஃப் கதைத் தலைவனாக நடித்துப் பாடினார். 1948-இல் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட உண்மையான குற்றவாளி ஒருவனின் நினைவு அக்கதைக்குள் உறைந்திருக்கிறது. பாடகனாகும் கனவோடு நாட்டுப்புறத்திலிருந்து கிங்ஸ்டன் நகருக்கு வருகிறான் ஐவன். இசைத்தட்டு முதலாளி அவன் பாட்டுக்கு இருபது டாலர் கொடுத்து அனுப்பிவிடுகிறான். பிறகு கஞ்சா, துப்பாக்கி, காவலர் கொலை, தலைமறைவு. அவன் ஓட ஓட அவன் பாட்டு ஊரெங்கும் ஒலிக்கிறது. அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவனால் செத்த காவலருக்கும் வீடு வாசல் இருந்திருக்குமே! பாட்டின் இனிமையில் நாம் முதலில் மறப்பது அவர்களைத்தான்.

விவிலியத்திலும் தலைமறைவுப் பாடகர் ஒருவர் உண்டு. யாழ் மீட்டிச் சவுலின் மனநோயைத் தணித்த தாவீது, அதே சவுலின் ஈட்டிக்குத் தப்பி ஓடினார். அதுல்லாம் குகையில் அவரோடு சேர்ந்த ஏறத்தாழ நானூறு பேரும் யார்? ஒடுக்கப்பட்டோர், கடன்பட்டோர், மனம் கசந்தோர் என்கிறது முதல் சாமுவேல் நூல். வானம் பொய்த்த ஆண்டில் வட்டிக்காரனுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போன குடும்பங்களை அறிந்த நமக்கு அந்தக் குகை அந்நியமானதன்று. ஏன்கேதிக் குகையில் சவுல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது தாவீது அவரது மேலாடையின் ஓரத்தை மட்டுமே அறுத்தார். அதற்கும் உள்ளம் வருந்தினார். இதை வைத்து அவரை மாசற்றவராக்கிவிட வேண்டாம். நாபால் உணவு தர மறுத்ததற்காக அவன் வீட்டு ஆண்கள் அனைவரையும் வெட்டிச் சாய்க்கப் புறப்பட்டவரும் அவரே. அபிகாயில் என்ற பெண்மணி வழிமறித்திராவிட்டால் அது நடந்தே இருக்கும். நம் மறையுரைகளில் இப்பகுதி அதிகம் இடம்பெறாதது வியப்பில்லை!

அநீதியான சட்டம் சட்டம் என்பதைவிட வன்முறை என்பதே பொருந்தும் என்றும், அது மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்றும் புனித தோமா அக்குவினார் கற்பித்தார். ஆயினும் பிறருக்கு இடறலோ குழப்பமோ நேராதிருக்க, தன் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டிய வேளையும் உண்டு என்று சேர்த்தே சொன்னார். இக்கல்வியைக் குருமடத்தில் இலத்தீன் சொற்களோடு படித்தோம். அதற்கு உயிருள்ள விளக்கம் நம் பக்கத்து ஊரிலேயே இருந்தது.

சிவகாசியில் 1886-இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் நாடகக் கலைஞர் விசுவநாததாஸ். புராண நாடக மேடையில் நின்று தேச விடுதலைப் பாடல்களைப் பாடினார். வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு அவற்றுள் பெயர்பெற்றது. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதையில் கொக்கு வருவது இயல்புதானே? எந்தக் கொக்கு என்பதைத் தரையில் அமர்ந்திருந்த உழவரும் அறிவர், ஓரமாய் நின்ற காவலரும் அறிவர். நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்திருந்த காலம் அது. தாஸ் பலமுறை கைதானார். வெளியே வந்ததும் மீண்டும் மேடையேறி அதையே பாடினார்.

திரைப்படத் தலைவனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். இவர் ஒளியவில்லை. அடுத்த நாடகம் எந்த ஊரில், எந்த இரவில் என்று விளம்பரத் தாளிலேயே அச்சாகியிருக்கும். கட்டளையை மீறினார், தண்டனையை ஏற்றார், எவர் மீதும் கை ஓங்கவில்லை. ஓடுவது தவறு என்று நான் சொல்லவில்லை; தாவீது ஓடினார், திருக்குடும்பமும் எகிப்துக்கு ஓடியது. துப்பாக்கியோடு ஓடுகிறவனுக்காகத் தவிக்கும் நம் நெஞ்சு, ஓடாமல் நின்றவரை ஏன் இவ்வளவு எளிதில் மறக்கிறது?

அவருக்கு இன்னொரு தடையும் இருந்தது. முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். இதைச் செய்யுமாறு எந்த ஆங்கிலேய ஆட்சியரும் ஆணையிடவில்லை. அவர் பாட்டுக்குக் கைதட்டிய அதே சமுதாயம்தான் இதைச் செய்தது. தமிழ்நாட்டு நாடகத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாததாக்கியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2018-இல் நீக்கியது. எழுதப்படாத அந்த மற்றத் தடையை எந்த மன்றத்துக்குக் கொண்டுபோவது? கோவில் திருவிழாவுக்குத் தவிலும் பறையும் அழைக்கிறோமே, வாசித்தவர்களுக்கு எங்கே இலை போடுகிறோம் என்பதை நம் பங்கு மக்களும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேடத்தில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாசின் உயிர் பிரிந்தது. அவருக்கு அப்போது வயது 54.