பற்றின்மையும் மரத்துப்போதலும்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். மாலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. வகுப்புகள், 2019இல் புதிய பாடத்திட்டத்தோடு வந்த லாக்புக் கையெழுத்துகள், பதவி உயர்வுக்கான ஆய்வுக் கட்டுரைகள் என்று துவண்டு நிற்பவர்களிடம் பெரியவர்கள் சொல்வது ஒன்றே: “பலனை எதிர்பார்க்காதேம்மா, பற்றை விடு.”

பற்று போனதுதானே இந்தப் பணிச்சோர்வின் (burnout) அடையாளம்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை மூன்று கூறுகளாக வகுத்தது: சக்தி வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், திறன் குறைதல். இதை நோய் என்று அது சொல்லவில்லை; சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. இரண்டாவது கூறு, வெளியிலிருந்து பார்த்தால் ஞானியின் சாந்தம் போலவே இருக்கும். தேர்வில் தோற்ற மாணவன் எதிரே நின்று அழுதாலும் சலனம் இராது.

இந்த மரத்துப்போதலையும் உண்மையான பற்றின்மையையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்கு வழிகாட்டுவது திருக்குறளின் அதிகார வைப்பு. துறவறவியல், துறவில் தொடங்கவில்லை. 25ஆம் அதிகாரமான அருளுடைமையில் தொடங்குகிறது. துறவு 35ஆவதுதான். பிற உயிரின் வலி உறைக்கும் மனம் முதலில். ‘எனது’ என்பதை விடுவது பிறகு. அருளே வற்றிப்போனவரிடம் துறவை உபதேசிப்பது கொடுமை. பெயரையும் பதவியையும் விடலாம், அந்த மாணவனை விடக் கூடாது.

‘பலனை எதிர்பார்க்காதே’ என்று கீதையைச் சொல்லி, கல்லூரியின் ஆள் பற்றாக்குறையை மூடுவதையும் நான் ஏற்கவில்லை. அர்ஜுனனுக்கு அதைச் சொன்ன கண்ணன் அவன் தேரை ஓட்டினான். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டு நாங்கள் எழுதிய மனு திங்களன்று கல்லூரி முதல்வரிடம் போகிறது.