எல்லாரும் கடமையைச் செய்தார்கள், உலகம் அழிந்தது

இளைஞர்களே, "மேலே இருந்து சொன்னாங்க, நான் செஞ்சேன். என் மேல என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் நம் பொறுப்பு அதோடு முடிந்துவிடுமா? இதை யோசிக்க ஒரு பழைய சிரிப்புப் படம் ரொம்பவே உதவும்.

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1964-இல் வெளிவந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற கறுப்பு வெள்ளைப் படம்தான் அது. அப்போது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. கியூபா நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பீட்டர் ஜார்ஜ் எழுதிய ஒரு சீரியஸான நாவல்தான் படத்துக்கு மூலம். குப்ரிக்கும் முதலில் சீரியஸாகவே எடுக்க நினைத்தார். உள்ளே போகப் போக, நடப்பதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

கதையில் ரிப்பர் என்று ஒரு விமானப்படை ஜெனரல். குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது கம்யூனிஸ்டுகளின் சதி என்று நம்புகிறவர். அந்தக் கிறுக்கில், அதிபரைக் கேட்காமலே அணுகுண்டு விமானங்களைச் சோவியத் மீது ஏவிவிடுகிறார். இவருக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது? எதிரி நம் தலைவர்களைக் கொன்றுவிட்டால் கீழே உள்ள அதிகாரி பதிலடி கொடுக்க வேண்டுமே என்று மேலிடமே போட்டு வைத்த திட்டம் அது.

இனிதான் வேடிக்கை. விமானங்களைத் திருப்பி அழைக்கும் ரகசியக் குறியீட்டை மேண்ட்ரேக் என்ற அதிகாரி கண்டுபிடித்துவிடுகிறார். அதிபருக்குப் போன் போட வேண்டும், ஆனால் கையில் சில்லறை இல்லை. பக்கத்தில் இருக்கும் குளிர்பான மெஷினைச் சுட்டு உடைத்தால் காசு கிடைக்கும். துப்பாக்கியோடு நிற்கும் கர்னலோ, அது தனியார் சொத்து என்று தயங்குகிறார்! உலகமே எரியப்போகிறது, அவருக்கு மெஷின் கவலை.

ஒரு விமானத்தில் மட்டும் ரேடியோ கருவி பழுதாகிவிடுகிறது. திரும்பி வரச் சொன்னது அவர்களுக்குக் கேட்கவே இல்லை. எரிபொருள் ஒழுகுகிறது, குண்டு போடும் கதவு திறக்கவில்லை. ஆனாலும் அந்த வீரர்கள் மனம் தளராமல் எல்லாவற்றையும் சமாளித்துக் குண்டைப் போட்டுவிடுகிறார்கள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் நாம் கைதட்டியிருப்போம். இங்கே அவர்களுடைய வீரமும் திறமையும்தான் உலகத்தை அழிக்கின்றன.

கவனியுங்கள். படத்தில் கிறுக்கர் ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவரின் கட்டளையை உலக அழிவு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நல்ல ஊழியர்கள். கெட்டிக்காரத்தனத்துக்கும் விசுவாசத்துக்கும் சொந்தமாகக் கண் கிடையாது. யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கு அது வேலை செய்யும்.

"அப்படியானால் ஒவ்வொரு கட்டளைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த இயக்கம் நடக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பள்ளியில் சீருடை இயக்கத்தில் இருந்தவர்களுக்குக் கட்டொழுங்கின் அருமை தெரியும். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் இரண்டு இடங்களில் நின்று யோசித்தே ஆக வேண்டும். ஒன்று, செய்தபின் திருத்தவே முடியாத காரியம். இன்னொன்று, சொல்லப்படும் காரணமும் கண்ணெதிரே தெரிவதும் ஒத்துப்போகாத நேரம். மேண்ட்ரேக் அப்படித்தான் விழித்துக்கொள்கிறார். போர் வந்துவிட்டதென்றால் ரேடியோவில் எப்படி வழக்கம்போல இசை ஓடிக்கொண்டிருக்கிறது?

இது வெறும் சினிமா இல்லை. 1983 செப்டம்பர் 26. சோவியத் எச்சரிக்கை மையத்தில் லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் பணியில் இருந்தார். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணினி சொன்னது. தாக்குதல் என்று மேலிடத்துக்கு அறிவிப்பதுதான் விதிமுறை. அவர் யோசித்தார்: உண்மையான போரை யாராவது ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்குவார்களா? பொய் எச்சரிக்கை என்று அறிக்கை கொடுத்தார். அது சரியாகவே இருந்தது. மேகத்தில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று திட்டு! குப்ரிக் பார்த்திருந்தால் படத்தில் சேர்த்திருப்பார்.

கட்டளை கொடுப்பவர் வேலையை நம்மிடம் ஒப்படைக்கலாம். நம் மனசாட்சியை நாம் அவரிடம் ஒப்படைக்க முடியாது. நாளைக்கு நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், இயக்கத்தில் பொறுப்பில் இருப்பீர்கள், சிலர் சீருடையிலும் இருப்பீர்கள். வேலையைத் திறமையாகச் செய்யுங்கள். ஆனால் "இது எங்கே போய் முடியும்?" என்று கேட்கும் பழக்கத்தையும் இப்போதே, சின்ன விஷயங்களிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் வரும்போது யோசிக்க நமக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.